நிலவுக்குப் போன பாதையில் நிலையங்கள் இல்லை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குச் சென்றது பற்றி ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, சொற்கள் வேறாக இருந்தாலும், ஒரே ஐயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. மனிதன் விண்வெளிக்குச் சென்ற வரலாறு சில ஆண்டுகள் பாய்ந்தும் பல ஆண்டுகள் முடங்கியும் ஏன் நடந்திருக்கிறது என்பதே அந்த ஐயம். இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 1961இல் முதல் மனிதர் விண்வெளிக்குப் போனார், எட்டே ஆண்டுகளில் மனிதர்கள் நிலவில் நடந்தார்கள். ஆனால் 1972க்குப் பிறகு அங்கே ஒருவரும் இறங்கவில்லை. அவ்வளவு வேகமாக வளர்ந்த தொழில்நுட்பம் ஏன் நின்றுபோனது?
– தொடக்கக் கல்லூரி மாணவி, தெம்பனிஸ்

பதில்: அந்தத் தொழில்நுட்பத்துக்கு இடப்பட்டிருந்த வேலை 1969 ஜூலை 20ஆம் தேதியே முடிந்துவிட்டது என்பதுதான் நேரான விடை. அந்த வேலையை யார், எதற்காக இட்டார்கள் என்பதைப் பார்த்தால் மற்றவை விளங்கும்.

1961 ஏப்ரல் 12ஆம் தேதி யூரி ககாரின் 108 நிமிடங்களில் பூமியைச் சுற்றித் திரும்பினார். ஐந்து நாள் கழித்து, கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்கா மறைமுகமாக நடத்திய படையெடுப்பு தொடங்கி, சில நாள்களிலேயே படுதோல்வியில் முடிந்தது. அந்தத் தோல்வியின் சூடு ஆறுமுன்பே, ஏப்ரல் 20ஆம் தேதி, அதிபர் கென்னடி தம் துணை அதிபர் ஜான்சனுக்கு ஒரு குறிப்பு எழுதினார். விண்வெளியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைப்பதா, நிலவைச் சுற்றி வருவதா, நிலவில் ஒரு ராக்கெட்டை இறக்குவதா, மனிதனை அனுப்பித் திரும்ப அழைத்து வருவதா, இவற்றுள் எதில் சோவியத் ஒன்றியத்தை முந்த முடியும் என்பதே அதன் முதல் கேள்வி. ராக்கெட் வல்லுநர் வெர்னர் வான் பிரவுன் ஏப்ரல் 29ஆம் தேதி தம் மதிப்பீட்டைத் தந்தார். ஆய்வுக்கூடப் போட்டியில் வெல்ல நல்ல வாய்ப்பில்லை என்றும், மனிதனை நிலவில் இறக்குவதென்றால் சோவியத் தரப்பும் தன் ராக்கெட்டின் திறனை ஏறத்தாழப் பத்து மடங்கு உயர்த்தியாக வேண்டும், ஆகவே அங்கே முந்துவதற்கு மிக நல்ல வாய்ப்பு உண்டு என்றும் அவர் எழுதினார். அதாவது, இரு தரப்பிடமும் அதற்கான ராக்கெட் இல்லை என்பதே நிலவைத் தேர்ந்தெடுத்ததற்கான வலுவான காரணமாக இருந்தது. மே 25ஆம் தேதி, பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலவில் இறக்கிப் பத்திரமாக அழைத்து வருவோம் என்று கென்னடி நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

அந்தக் கெடுதான் அடுத்த முடிவையும் தீர்மானித்தது. நிலவுக்குப் போக மூன்று வழிகள் பேசப்பட்டன. மிகப் பெரிய ராக்கெட் ஒன்றைக் கட்டி நேரே நிலவில் இறங்குவது முதல் வழி. பல ராக்கெட்டுகளை ஏவி, பூமியின் சுற்றுப்பாதையில் கலத்தை இணைத்துக்கொண்டு புறப்படுவது இரண்டாவது வழி. தாய்க்கலத்தை நிலவின் சுற்றுப்பாதையில் விட்டுவிட்டு, எடை குறைந்த சிறு கலத்தில் இருவர் மட்டும் இறங்கி ஏறுவது மூன்றாவது வழி. லாங்லி ஆய்வு மையத்தின் பொறியாளர் ஜான் ஹூபோல்ட், மேலதிகாரிகள் பலரைத் தாண்டி, 1961 நவம்பரில் நாசாவின் உயர் நிர்வாகிக்கே கடிதம் எழுதி இந்த மூன்றாவது வழிக்காக வாதாடினார். முதலில் எதிர்த்த வான் பிரவுனும் 1962 ஜூனில் அதை ஏற்றுக்கொண்டார்; ஜூலை 11ஆம் தேதி அது அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது.

ஹூபோல்டின் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரே ஒரு சாட்டர்ன் 5 ராக்கெட்டில் பயணம் முழுவதையும் அடக்க முடிந்தது அவர் வாதிட்ட வழியால்தான். கெடுவுக்குள் முடிக்க வேறு வழி இருந்திருக்குமா என்பது ஐயமே. ஆயினும் அதற்கு ஒரு விலை இருந்தது. நம் பெருவிரைவு ரயிலை எண்ணிப் பாருங்கள். 1982 மே மாதம் அதைக் கட்டுவதென்று முடிவாகி, 1987 நவம்பரில் இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்தே நிலையங்களோடு தொடங்கியது. ஆனால் அந்த ஐந்து நிலையங்களும் நிலைத்து நின்றன. அவற்றிலிருந்து பாதை நீண்டது. நிலவுக்குப் போன பாதையில் அப்படி ஒரு நிலையம்கூட இல்லை. இரண்டாவது வழியில் போயிருந்தால் பூமிச் சுற்றுப்பாதையில் கலங்களை இணைக்கவும் எரிபொருள் நிரப்பவும் தேவையான வசதிகளும் பழக்கமும் மிஞ்சியிருக்கும். மூன்றாவது வழியில், ஒவ்வொரு பயணத்திலும் ராக்கெட்டும் கலமும் பகுதி பகுதியாகக் கழன்று விழ, வீரர்கள் அமர்ந்திருந்த கூம்பு மட்டுமே திரும்பி வந்தது.

நாசாவின் பங்கு 1966ஆம் ஆண்டு அமெரிக்க மத்திய அரசின் செலவில் 4 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்தது. வியட்நாம் போரும் உள்நாட்டுத் தேவைகளும் நெருக்க, அந்த உயரத்தில் அது நிலைக்கவில்லை. முதல் மனிதர் நிலவில் இறங்குவதற்கு ஓராண்டு முன்பாகவே, 1968 ஆகஸ்டில், பதினைந்து சாட்டர்ன் 5 ராக்கெட்டுகளுக்கு மேல் கட்ட வேண்டாம் என்று நாசாவின் தலைவர் ஜேம்ஸ் வெப் முடிவு செய்ய நேர்ந்தது. அப்போலோ என்னும் அந்த நிலவுத் திட்டத்தின் 18, 19, 20ஆம் பயணங்கள் 1970இல் கைவிடப்பட்டன. பறக்காமல் எஞ்சிய ராக்கெட்டின் பகுதிகளை இன்று ஹூஸ்டனில் காட்சிப்பொருளாகப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: விண்வெளி ஆராய்ச்சியின் மீது கென்னடி கொண்டிருந்த தீராத ஆர்வமே அப்போலோவைப் பிறப்பித்தது என்று சில மாதங்களுக்கு முன்பு இதே பகுதியில் எழுதியிருந்தீர்கள். அது சரிதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பிடோக்

பதில்: சரியில்லை, ஐயா. அந்த வரியை அப்படி எழுதியிருக்கக் கூடாது, திருத்திக்கொள்கிறேன். 1962 நவம்பர் 21ஆம் தேதி வெள்ளை மாளிகையில் நடந்த கூட்டத்தின் ஒலிப்பதிவு பிற்காலத்தில் வெளியிடப்பட்டது. விண்வெளித் துறை முழுவதிலும் அமெரிக்கா முன்னிலை பெற வேண்டும் என்று வெப் வாதிடுகிறார். நிலவுப் பயணமே தலையாயது, மற்றவற்றில் தமக்கு அவ்வளவு ஆர்வமில்லை என்று கென்னடி வெளிப்படையாகவே மறுக்கிறார்.

அதே கென்னடி 1963 செப்டம்பர் 20ஆம் தேதி ஐக்கிய நாட்டுப் பொதுச்சபையில் பேசும்போது, நிலவுக்கு இரு நாடுகளும் சேர்ந்தே போகலாமே என்று முன்மொழிந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போட்டியாகத் தொடங்கியதைக் கூட்டு முயற்சியாக்க அவர் உண்மையிலேயே விரும்பினார் என்று நான் நம்புகிறேன். இரண்டு மாதத்தில் அவர் கொல்லப்பட்டார். அதன் பிறகு, அவர் குறித்த கெடுவை மாற்றும் துணிவு எவருக்கும் வரவில்லை.

கேள்வி: முதல் துணைக்கோளம், முதல் மனிதர், முதல் பெண், முதல் விண்வெளி நடை என எல்லாவற்றிலும் முந்திய சோவியத் ஒன்றியம் நிலவில் மட்டும் ஏன் தோற்றது?
– கப்பல் பட்டறை ஊழியர், ஜூரோங்

பதில்: அவர்கள் முதலில் முந்தியதற்கும் பின்னர் பிந்தியதற்கும் காரணங்கள் ராக்கெட்டில் மட்டும் இல்லை. 1950களில் சோவியத் ஹைட்ரஜன் குண்டு மிகவும் கனமாக இருக்கும் என்று கணித்ததால், ஐந்து டன்னுக்கும் மேற்பட்ட சுமையை ஏந்தும் ஆர்-7 ஏவுகணையைச் செர்கேய் கொரொலியோவ் வடிவமைத்தார். அமெரிக்கர்களின் குண்டுகள் இலகுவாகிவிட்டதால் அவர்களுக்கு அவ்வளவு பெரிய ஏவுகணை தேவைப்படவில்லை. போருக்கென எடுத்த இந்த முடிவுதான், ககாரின் பறந்த, 4.7 டன் எடையுள்ள வோஸ்டோக் கலத்தைச் சோவியத்துக்கும், 1.4 டன்னுக்குள் அடங்க வேண்டிய மெர்குரி கலத்தை அமெரிக்காவுக்கும் தந்தது. வோஸ்டோக்கும்கூட, உளவுப் படம் எடுக்கும் ஸெனித் துணைக்கோளமும் அதே வடிவில் அமையும் என்று காட்டியதால்தான் ராணுவத்தின் பணத்தையும் இசைவையும் பெற்றது.

நிலவு விஷயத்தில், கென்னடி அறிவித்து மூன்று ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1964 ஆகஸ்டில்தான் மாஸ்கோ முறையான ஆணையிட்டது. அந்த ஆணையும் வேலையைப் பிரித்தது. நிலவில் இறங்கும் பணி கொரொலியோவுக்கும், நிலவைச் சுற்றிவரும் பணி அவருடைய போட்டியாளர் செலொமேய்க்கும் போயின. இயந்திர வடிவமைப்பாளர் குளுஷ்கோ எரிபொருள் குறித்துக் கொரொலியோவுடன் முரண்பட்டு விலகியதால், நிலவுக்கான என்-1 ராக்கெட்டுக்கு விமான இயந்திரம் செய்து பழகிய குஸ்னெட்சோவ் நிறுவனத்தை நாட வேண்டியதாயிற்று. அதன் முதல் அடுக்கில் 30 இயந்திரங்கள். அவற்றை ஒருசேரத் தரையில் எரித்துச் சோதிக்கும் மேடையைக் கட்டக் காலமும் பணமும் ஒதுக்கப்படவில்லை. பெரிய இயந்திரம் எதையும் கரையில் ஓட்டிப் பார்க்காமல் கடலுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதைப் பட்டறையில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொரொலியோவ் 1966 ஜனவரியில் காலமானார். 1969க்கும் 1972க்கும் இடையே ஏவப்பட்ட நான்கு என்-1 ராக்கெட்டுகளும் தோல்வியுற்றன.

ஆயினும் ‘தோற்றது’ என்ற சொல்லோடு நிறுத்திவிட எனக்கு மனம் வரவில்லை. நிலவு கைநழுவியதும் அவர்கள் 1971இல் சல்யூட் 1 என்னும் முதல் விண்வெளி நிலையத்தை அனுப்பினார்கள். அதில் தங்கித் திரும்பிய மூவர் வழியிலேயே காற்றிழந்து மாண்டனர். அந்தத் துயரத்துக்குப் பின்னும் நிலையங்களைக் கைவிடாமல், 1986இல் மிர் வரை படிப்படியாக வளர்த்தார்கள். மருத்துவர் வலேரி போல்யகோவ் மிர் நிலையத்தில் ஒரே பயணத்தில் 437 நாள் தங்கினார். ஆர்-7இன் வழித்தோன்றலான சோயுஸ் ராக்கெட் இன்றும் மனிதர்களை ஏற்றிச் செல்கிறது.

கேள்வி: என் பத்து வயது மகள், அமெரிக்காவின் முதல் ஏழு விண்வெளி வீரர்களின் படத்தைப் பார்த்துவிட்டு, ஏன் ஒரு பெண்கூட இல்லை என்று கேட்டாள். என்ன சொல்வது?
– ஒரு தாய், ஈசூன்

பதில்: ஒரு தகுதி விதிதான் காரணம் என்று சொல்லுங்கள், அம்மா. 1958ஆம் ஆண்டின் இறுதியில் அதிபர் ஐசனோவர், விண்வெளி வீரர்களை ராணுவச் சோதனை விமானிகளிலிருந்தே தேர்ந்தெடுக்க இசைந்தார். அவர்கள் ஏற்கனவே ஒழுங்குக்கும் ரகசியத்துக்கும் பழகியவர்கள், தேர்வும் விரைவில் முடியும் என்பதே அதன் நோக்கம். ஆனால் அன்று பெண்களுக்கு ராணுவச் சோதனை விமானியாகவே இடமில்லை. பெண்கள் வேண்டாம் என்று எழுதாமலே கதவு சாத்தப்பட்டது.

சோவியத்தின் வோஸ்டோக் கலம் பெரும்பாலும் தானே இயங்கியது. தரையிறங்கும்போது வீரர் கலத்திலிருந்து வெளியேறி வான்குடையில் இறங்க வேண்டும். ஆகவே அங்கே வான்குடைப் பயிற்சிக்கு மதிப்பு இருந்தது. நெசவாலைத் தொழிலாளியும் வான்குடை வீராங்கனையுமான வாலென்டினா தெரஷ்கோவா 1963 ஜூன் 16ஆம் தேதி சென்றது அந்த வழியாகத்தான். ஆனால் முதலிடம் கிடைத்ததும் அக்கறை குறைந்தது. அடுத்த சோவியத் பெண் செல்ல 1982 ஆயிற்று. அமெரிக்காவின் சாலி ரைடு 1983இல் சென்றார்.

கேள்வி: விமானப் பராமரிப்பில் முப்பது ஆண்டு வேலை செய்தவன் நான். விண்வெளி ஓடத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது. மனிதர் அமரும் கலத்தை எரிபொருள் கலனின் பக்கவாட்டில் ஏன் கட்டினார்கள்? தப்பிக்க ஏன் வழி வைக்கவில்லை?
– வாசகர், சீமெய்

பதில்: இக்கேள்விக்கான விடை, பொறியாளரின் மேசையில் தொடங்கி, வரவுசெலவு அலுவலகத்தில் முடிகிறது.

1969 செப்டம்பரில் துணை அதிபர் அக்னியூ தலைமையிலான குழு, பூமியைச் சுற்றும் நிலையம், அதற்குப் போய்வர ஓடம், பிறகு நிலவுத் தளம், செவ்வாய்ப் பயணம் என விரிந்த திட்டத்தை முன்வைத்தது. விண்வெளியும் மற்றத் தேவைகளோடு வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று அதிபர் நிக்சன் 1970 மார்ச்சில் அறிவித்ததும், அந்தப் பட்டியலில் ஓடம் ஒன்றுதான் தப்பியது. நிலையத்துக்கு ஆளும் பொருளும் ஏற்றிச் செல்வதற்காக எண்ணப்பட்ட வாகனம், போய்ச் சேர நிலையமே இல்லாமல் தனித்து நின்றது. அப்படிப்பட்ட ஒன்றுக்குப் பணம் கேட்பதற்கு, நாட்டின் எல்லாத் துணைக்கோளங்களையும் அதுவே சுமக்கும், ஆண்டுக்குப் பல பத்து முறை பறக்கும், அதனால் செலவு குறையும் என்று நாசா வாதிட வேண்டியதாயிற்று. ஓடம் மிக மும்முரமாகப் பறந்த 1985ஆம் ஆண்டில்கூட ஒன்பது பயணங்களே நடந்தன.

எல்லாவற்றையும் சுமக்கும் என்றால் ராணுவத்தின் துணைக்கோளங்களையும் சுமக்க வேண்டும். அமெரிக்க ஆகாயப் படை, 18 மீட்டர் நீளமுள்ள சரக்கறையையும் ஏறத்தாழ 29 டன் சுமையையும் கேட்டது. கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து துருவப் பாதையில் ஏவி, ஒரே சுற்றில் அங்கேயே திரும்பி இறங்கும் திறனையும் கேட்டது. அந்த ஒரு சுற்றுக்குள் பூமி சுழன்று தளம் கிழக்கே நகர்ந்துவிடுவதால், ஓடம் பக்கவாட்டில் சுமார் 2,000 கிலோமீட்டர் மிதந்து வந்தாக வேண்டும். நாசாவின் மாக்ஸ் ஃபாஜே வரைந்திருந்த சிறிய நேர்ச்சிறகால் அது இயலாது. ஆகவே எடை மிகுந்த முக்கோணச் சிறகும், அதைக் காக்கப் பெரும் வெப்பக் கவசமும் வந்தன. அந்தத் தளத்திலிருந்து ஓடம் ஒருமுறைகூட ஏவப்படவில்லை. இதை எழுதும்போது இன்றும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

நாசா முதலில் விரும்பியது, கீழடுக்கும் மேலடுக்கும் இரண்டுமே விமானம்போல் திரும்பி வரும் வடிவம். அதை உருவாக்க ஆகும் செலவில் ஏறத்தாழப் பாதி, ஐந்து பில்லியன் டாலரைச் சற்றே தாண்டிய தொகைதான் கிடைக்கும் என்று வரவுசெலவு அலுவலகம் வரம்பிட்டது. அதற்குள் அடக்குவதற்காக, எரிபொருளை வெளியே தூக்கியெறியக்கூடிய கலனில் வைத்தார்கள். கீழடுக்குக்குப் பதிலாகத் திட எரிபொருள் ராக்கெட்டுகள் இரண்டைப் பக்கத்தில் கட்டினார்கள். இயந்திரங்கள் ஓடத்திலேயே திரும்பி வர வேண்டும் என்பதால், ஓடமும் கலனின் பக்கத்திலேயே அமைந்தது. திட்டத்தை அடியோடு வெட்டிவிடும் பேச்சு எழுந்தபோது, அப்படிச் செய்தால் நம் நல்ல காலம் முடிந்துவிட்டது என்று நாமே ஒப்புக்கொண்டதாகும் என்று எழுதி நிக்சனைத் தடுத்தவரும் அதே வரவுசெலவு அலுவலகத்தின் துணை இயக்குநர் காஸ்பர் வைன்பர்கர்தான். 1972 ஜனவரி 5ஆம் தேதி நிக்சன் ஒப்புதல் அறிவித்தார்.

நீங்கள் கேட்ட தப்பிக்கும் வழி, முதல் நான்கு சோதனைப் பயணங்களில் இருந்தது. இருவருக்கும் வெளியேற்று இருக்கைகள் இருந்தன. ஆள் எண்ணிக்கை கூடி, ஓடம் வழக்கமான போக்குவரத்து என்று அறிவிக்கப்பட்டதும் அவை நீக்கப்பட்டன. 1986 ஜனவரி 28ஆம் தேதி, குளிரில் இறுகிய ரப்பர் வளையத்தின் வழியே திட ராக்கெட்டின் தீ கசிந்து, சேலஞ்சர் ஓடத்தின் எழுவரும் இறந்தனர். 2003இல், ஏவும்போது கலனிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு கொலம்பியா ஓடத்தின் இடச் சிறகைத் துளைத்திருந்தது. பிப்ரவரி 1ஆம் தேதி திரும்பும் வழியில் கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் இறந்தனர். கலம் ராக்கெட்டின் உச்சியில் இருந்திருந்தால் அந்த நுரை அதன்மேல் விழுந்திருக்காது. கொலம்பியா விபத்தை விசாரித்த குழு, பழுதான பொருளையும் நிர்வாகத்தையும் மட்டும் குறை கூறாமல், ஓடம் பிறந்தபோதே செய்துகொண்ட இந்தச் சமரசங்களையும் காரணங்களுள் சேர்த்தது. உங்கள் கண்ணுக்கு உறுத்தியது சரியான இடம்தான்.

கேள்வி: இந்தியா ஏன் இவ்வளவு தாமதமாக மனித விண்பயணத்துக்கு வந்தது?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: தாமதம் என்று நான் கருதவில்லை. 1963 நவம்பர் 21ஆம் தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அந்தப் பணியைத் தொடங்கிவைத்த விக்ரம் சாராபாய், நிலவுக்கோ கோள்களுக்கோ மனிதரை அனுப்புவதில் செல்வ நாடுகளோடு போட்டியிடும் கனவு நமக்கில்லை, மக்களின் தேவைக்குத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் யாருக்கும் பின்தங்கக் கூடாது என்னும் கருத்தை வலியுறுத்தினார். வானிலை, தொலைத்தொடர்பு, நிலவளம் ஆகியவற்றுக்கான துணைக்கோளங்கள் முதலிடம் பெற்றது அதனால்தான். ராகேஷ் சர்மா 1984இல் சோவியத் கலத்தில் சென்று வந்தார். சொந்தக் கலமான ககன்யான் 2018இல்தான் அறிவிக்கப்பட்டது. சாராபாயின் முடிவால் பயன் பெற்றவர்களில் சிங்கப்பூரும் உண்டு. 2015 டிசம்பர் 16ஆம் தேதி நம் டெலியோஸ்-1 உள்ளிட்ட ஆறு சிங்கப்பூர்த் துணைக்கோளங்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே ராக்கெட் சுமந்து சென்றது.

கேள்வி: அனைத்துலக விண்வெளி நிலையம் சிங்கப்பூர் வானத்தைச் சில நாள் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகவும், சில நாள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகவும் கடப்பதாகக் கைப்பேசிச் செயலி காட்டுகிறது. இப்படி மிகச் சாய்வாகப் போவது ஏன்?
– உயர்நிலை மூன்று மாணவர், பொங்கோல்

பதில்: அமெரிக்கா 1984இல் தனியாகத் திட்டமிட்ட நிலையம், ஃபுளோரிடா ஏவுதளத்தின் அட்சரேகைக்கு ஏற்ப, பூமத்திய ரேகைக்கு 28.5 பாகைச் சாய்வில் சுற்றுவதாக இருந்தது. அது நிறைவேறியிருந்தால், நம் வானத்தில் இன்னும் படுக்கையாக, கிழக்கு நோக்கியே போயிருக்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் நமக்கு இன்னும் அடிக்கடி தென்பட்டும் இருக்கும். 1993இல் ரஷ்யாவைப் பங்காளியாகச் சேர்த்தார்கள். சோவியத் சிதறியபின் வேலையிழந்த ராக்கெட் வல்லுநர்கள் பிற நாடுகளின் ஏவுகணைத் திட்டங்களுக்குப் போய்விடக் கூடாது என்ற கவலையும் அதற்கொரு காரணம். கஸக்ஸ்தானிலுள்ள பைக்கனூர் வடக்கே தள்ளி இருப்பதால், அங்கிருந்து போய்ச்சேர வசதியாக நிலையத்தின் சாய்வு 51.6 பாகை ஆக்கப்பட்டது. அதனால் அமெரிக்க ஓடம் சுமக்கக்கூடிய எடை பல டன் குறைந்தது. அதை ஓரளவு ஈடுகட்ட அலுமினிய லித்தியக் கலவையில் புதிய எரிபொருள் கலனே செய்தார்கள். அந்த இழப்பு வீண்போகவில்லை. கொலம்பியா விபத்துக்குப் பின் ஓடங்கள் இரண்டாண்டுக்கும் மேல் பறக்காதபோதும், 2011இல் அவை ஓய்வுபெற்ற பின் 2020 வரையிலும், பைக்கனூரிலிருந்து சென்ற சோயுஸ் கலங்களே நிலையத்தில் மனிதர் தங்க வழிசெய்தன.

அதைப் பார்க்க, சூரியன் மறைந்த பின்னும் விடிவதற்கு முன்னும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஏற்றது. எங்கள் புளோக்குக்கு எதிரே உள்ள பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்திலிருந்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சாங்கிக்கு இறங்கும் விமானங்களின் விளக்குகள் சிமிட்டும், நிலையம் சிமிட்டாது. வெண்மையாக, ஒரே சீராக நான்கைந்து நிமிடம் நகர்ந்து, பல நேரங்களில் வானத்தின் நடுவிலேயே பூமியின் நிழலுக்குள் புகுந்து மறைந்துவிடும்.